குளிரில் யூ.ஏ.எஸ்.பி.: சி.ஓ.டி. குறைகிறது, எரிவாயு வரவில்லை, கசடு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது

#1 | நீர்த்துளி

வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் ஒரு யூ.ஏ.எஸ்.பி. தொட்டியின் (கழிவுநீரைக் கீழிருந்து மேலாகக் கசடுப் படுகை வழியே செலுத்தி, காற்றில்லாமல் செரிக்கும் தொட்டி) எண்கள் இவை. தொழிற்சாலைக் கழிவு எதுவும் கலப்பதில்லை.

கொள்ளளவு 160 கன மீட்டர், நீர் உயரம் 4.5 மீட்டர், வரத்து நாளுக்கு 480 கன மீட்டர். அதாவது நீர் தங்கும் நேரம் 8 மணி, மேலேறு வேகம் சராசரியாக மணிக்கு 0.56 மீட்டர். காலை நெரிசலில் வரத்து இரண்டு மடங்காகிறது.

உள்ளே வருவது சி.ஓ.டி. (வேதி ஆக்ஸிஜன் தேவை, கரிம மாசின் அளவு) 620, டி.எஸ்.எஸ். (நீரில் கரையாமல் மிதக்கும் மொத்தத் திண்மம்) 280. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

வெயில் காலத்தில், நீர் 26 டிகிரி செல்சியஸ்: வெளியே சி.ஓ.டி. 170, டி.எஸ்.எஸ். 60, எரிவாயு நாளுக்கு 55 கன மீட்டர்.

இப்போது, நீர் 13 டிகிரி: வெளியே சி.ஓ.டி. 250 (வடிகட்டினால் 150), டி.எஸ்.எஸ். 110, ஆவியாகும் கொழுப்பமிலங்கள் 50, காரத்தன்மை 420, பி.எச். 6.8. எரிவாயு 14 கன மீட்டர், அதில் மீத்தேன் 78 சதம். கசடுப் படுகை 28 நாளில் 1.6 மீட்டரிலிருந்து 2.9 மீட்டருக்கு ஏறிவிட்டது.

சி.ஓ.டி. நீக்கம் 73 சதத்திலிருந்து 60 சதத்துக்குத்தான் இறங்கியிருக்கிறது. எரிவாயு ஏன் கால்வாசியாகிவிட்டது? சுண்ணாம்பு போட வேண்டுமா, நுண்ணுயிர்ப் பொடி போட வேண்டுமா, தொட்டியைச் சூடாக்க வேண்டுமா?

#2 | கசடுக்கணக்கு

எதையும் போடுவதற்கு முன் சி.ஓ.டி. எங்கே போயிற்று என்று ஒரு வரவுசெலவுக் கணக்குப் போடுங்கள். குளிர்காலத் தொட்டியில் சதவீதம் நம்மை ஏமாற்றும். "நீங்கியது" என்றால் செரித்தது என்று பொருள் இல்லை.

நாளுக்கு நீங்கியது: (620 − 250) × 480 = சுமார் 178 கிலோ சி.ஓ.டி.

எரிவாயுவாக வந்தது: 14 × 0.78 = 11 கன மீட்டர் மீத்தேன். திட்ட நிலைக்கு (0 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம்) திருத்தினால் 10.5. ஒரு கிலோ சி.ஓ.டி. செரித்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன் என்ற கணக்கில் இது 30 கிலோ.

வெளியேறும் நீரில் கரைந்து போன மீத்தேன்: 13 டிகிரியில், 78 சத மீத்தேன் வாயுவோடு சமநிலையில் இருக்கும் நீர் லிட்டருக்கு 22 மில்லிகிராம் வரை பிடித்துக்கொள்ளும். ஒரு கிராம் மீத்தேன் 4 கிராம் சி.ஓ.டி.க்குச் சமம். 22 × 4 × 480 = 42 கிலோ.

சல்பேட் ஒடுக்கம் (சல்பேட்டைச் சல்ஃபைடாக்கும் நுண்ணுயிர்கள் தின்பது): லிட்டருக்கு 40 மில்லிகிராம் சல்பேட் ஒடுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 0.67 வீதம் 13 கிலோ.

கூட்டினால் 85. மீதி 93 கிலோ எங்கே? படுகையில் இருக்கிறது. அதைக் கரிமத் திண்மமாக மாற்ற 1.5 ஆல் வகுத்தால் 62 கிலோ. சாம்பலையும் சேர்த்தால் மொத்தத் திண்மம் 85 முதல் 90 கிலோ. லிட்டருக்கு 50 கிராம் செறிவுள்ள கசடாக அது நாளுக்கு 1.8 கன மீட்டர். உங்கள் தொட்டியின் பரப்பு 35.6 சதுர மீட்டர். ஆக, படுகை நாளுக்கு 5 சென்டிமீட்டர் ஏற வேண்டும். நீங்கள் அளந்தது 28 நாளில் 130 சென்டிமீட்டர். கணக்கு நேராகிறது.

தொட்டி இப்போது ஒரு வடிகட்டியாகவும் சேமிப்புக் கிடங்காகவும் வேலை செய்கிறது. கிடங்கு நிரம்பியதும் டி.எஸ்.எஸ். வழிந்து வெளியே வரும். 110 என்பது அந்த வழிதலின் தொடக்கம்.

#3 | இளவேனில்

> தொட்டியைச் சூடாக்க வேண்டுமா?

வரும் எரிவாயுவை எரித்தே உள்வரும் நீரைச் சூடாக்கலாமே? தொட்டிச் சுவருக்கு நல்ல வெப்பக்காப்பும் போட்டால் 25 டிகிரியில் நிறுத்திவிட முடியாதா?

#4 | வாயுவழி

முடியாது. ஏன் என்று ஒரு கன மீட்டர் கழிவுநீரை வைத்தே பார்த்துவிடலாம்.

அதில் 620 கிராம் சி.ஓ.டி. இருக்கிறது. 60 சதம் மீத்தேனாகி, ஒரு துளிகூடக் கரைந்து போகாமல் முழுவதும் கைக்கு வந்தாலும் 130 லிட்டர். அதன் எரிவெப்பம் 4.7 மெகாஜூல். அதே ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 மெகாஜூல் தேவை. கொதிகலனின் திறன் 80 சதம் என்றால் ஒரு டிகிரிகூட ஏறாது. நமக்கு வேண்டியதோ 12 டிகிரி. வெளியேறும் நீரிலிருந்து வெப்பமாற்றி மூலம் 80 சத வெப்பத்தைத் திரும்பப் பிடித்தாலும் 2.4 டிகிரி குறையும். அதற்கு 10 மெகாஜூல் வேண்டும். கொழுப்பும் கசடும் ஒட்டும் நீரில் அந்த 80 சதமும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது.

வெப்பக்காப்பு பற்றி: கூரை, சுவர் சேர்த்து இந்தத் தொட்டிக்கு ஏறத்தாழ 145 சதுர மீட்டர். காப்பில்லாத கான்கிரீட் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 4 வாட் இழக்கும் என்போம். வெளியே 10 டிகிரி குறைவு என்றால் இழப்பு 5.8 கிலோவாட். நாளுக்கு 480 கன மீட்டர் ஓடும் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாற 23 கிலோவாட் வேண்டும். ஆக, சுவர் வழியாக நீங்கள் இழப்பது கால் டிகிரி. எவ்வளவு செலவு செய்து காப்புப் போட்டாலும் அந்தக் கால் டிகிரிதான் திரும்பக் கிடைக்கும்.

வெப்பம் தொலைவது தொட்டிக்கு முன்னால். திறந்த வாய்க்கால், காற்றூதும் சமன்தொட்டி (வரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் தொட்டி), விரிசல் விட்ட குழாய்களில் நுழையும் குளிர்ந்த மழைநீர், பனி உருகிய நீர் ஆகியவைதான் காரணம். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் குழாய்வழியாக மேல்நோக்கி அளந்துகொண்டே போங்கள். எந்த இடத்தில் 2 டிகிரி விழுகிறதோ அந்த இடத்தை மூடுங்கள். அங்கே செலவழிக்கும் பணம் வீண்போகாது.

#5 | சின்னத்தொட்டி

இதே கணக்கு வீட்டு செப்டிக் டேங்குக்கும் பொருந்துமா?

#6 | வாயுவழி

அங்கே விடை தலைகீழ். நாளுக்கு 600 லிட்டர் வரத்து, 10 சதுர மீட்டர் சுவர் உள்ள சிறு தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் நீர் சுமக்கும் வெப்பம் டிகிரிக்கு 29 வாட். சுவர் இழப்பது 3 வாட் வீதம் டிகிரிக்கு 30 வாட். அதாவது உள்ளே வரும் நீருக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி அழிந்துவிடும். 60 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் பலகையைச் சுற்றிப் போட்டால் இழப்பு 5 வாட்டாகி, வேறுபாட்டில் 15 சதம்தான் போகும். எனவே சிறு தொட்டிக்குக் காப்பு கட்டாயம். மூடியின் அடிப்பக்கத்தையும் மறக்காதீர்கள், அதிக இழப்பு அங்கேதான். மண்ணுக்குள் ஆழப் புதைப்பதும் காப்புதான்.

#7 | நுண்ணுயிரி

மூலக் கேள்வியில் இருக்கும் பொடிக்கும் சுண்ணாம்புக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

சுண்ணாம்பு வேண்டாம். அமிலம் 50, காரத்தன்மை 420. விகிதம் 0.12. இந்தத் தொட்டி புளிக்கவில்லை. பி.எச். 6.8 ஆக இருப்பதற்குக் காரணம், குளிர்ந்த நீரில் கார்பன் டையாக்ஸைடு அதிகம் கரைந்திருப்பது. வாயுவில் மீத்தேன் 78 சதமாகத் தெரிவதும் அதனால்தான். செரிமானம் நன்றாக நடக்கிறது என்று அந்தச் சதவீதத்தை வைத்து நம்பிவிட வேண்டாம்.

செரிமானம் நான்கு படி: திண்மம் கரையும் நீராற்பகுப்பு, அமிலமாதல், அசிட்டேட் ஆதல், மீத்தேனாதல். அமிலமாதல் குளிரை ஓரளவு தாங்கும். முதல் படியும் கடைசிப் படியும் தாங்காது. வீட்டுக் கழிவுநீரில் சி.ஓ.டி.யின் பாதிக்கு மேல் துகள், நார், கொழுப்பு என்ற திண்ம வடிவில் இருப்பதால் நீராற்பகுப்புதான் முதலில் முட்டுக்கட்டையாகிறது. சர்க்கரைத் தொழிற்சாலைபோல் கரைந்த சி.ஓ.டி. வரும் இடங்களில் 13 டிகிரியிலும் யூ.ஏ.எஸ்.பி. நன்றாக ஓடுவதைக் காட்டி "குளிர் ஒரு பொருட்டல்ல" என்று சொல்வார்கள். அந்த ஒப்பீடே தவறு. அங்கே கரைக்க வேண்டிய திண்மம் கிடையாது.

கொழுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். குளிரில் அது உறைந்து கசடுத் துகளின் மேல் பூச்சாகப் படிகிறது. பூச்சு விழுந்த துகளுக்குள் உணவு போவதும் வாயு வெளியேறுவதும் தடைபடும், துகள் இலேசாகி மிதக்கும். தொட்டியின் மேலே வாயுவையும் நீரையும் கசடையும் பிரிக்கும் பிரிப்பானுக்கு அடியில் கெட்டியான ஏடு கட்டுவது இதனால்தான்.

பொடி பற்றி: கசடுக்கணக்கு சொன்ன செறிவில் உங்கள் தொட்டியில் இப்போது 3,600 கிலோ கரிமத் திண்மம் இருக்கிறது. அதில் 10 கிலோ பொடியைக் கலப்பதால் என்ன மாறும்? அசிட்டேட்டை உண்ணும் மீத்தேனாக்கிகள் 35 டிகிரியிலேயே இரட்டிப்பாகப் பல நாள் எடுத்துக்கொள்பவை. 13 டிகிரியில் அவை வளர்வதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும். குளிர் தொட்டிகளில் நாம் காண்பவற்றில் பெரும்பாலானவை குளிர் விரும்பிகள் அல்ல. மிதவெப்ப இனங்களே குளிரைப் பொறுத்துக்கொண்டு மெதுவாக வேலை செய்கின்றன. வித்துக்கசடு வேண்டுமென்றால் ஏற்கெனவே 15 டிகிரியை ஒட்டி ஓடும் தொட்டியிலிருந்து டன் கணக்கில் வர வேண்டும், அதுவும் வெயில் காலத்திலேயே வர வேண்டும்.

#8 | தொட்டிக்காப்பாளர்

இறங்க வேண்டிய வேலைக்கு வருகிறேன். முதலில் காலை நெரிசல். 26 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு வரும்போது நீரின் பிசுக்குமை 0.87இலிருந்து 1.20 மில்லிபாஸ்கல்-நொடி ஆகிறது. அதே துகள் படியும் வேகம் கால்பங்குக்கு மேல் குறைகிறது. காலையில் உங்கள் மேலேறு வேகம் மணிக்கு 1.1 மீட்டர். வெயில் காலத்தில் தப்பித்த தொட்டி இப்போது தப்பிக்காது. முன்னால் இருக்கும் சமன்தொட்டியில் மட்ட அளவை இறக்கி வைத்து, நெரிசலை அதில் வாங்கி, பம்ப் ஓட்டத்தை மணிக்கு 24 கன மீட்டருக்கு மேல் போகாமல் கட்டுங்கள். வேகம் 0.7க்குள் நிற்கும். அந்தத் தொட்டியில் காற்றூதுவதை நிறுத்திவிட்டு, கலக்கி மட்டும் ஓடட்டும், குளிர்வது குறையும்.

இரண்டாவது, உள்வரும் நீரைத் தொட்டியின் அடியில் பரப்பும் பங்கீட்டுக் குழாய்கள். வெயில் காலத்தில் எழும் வாயுவே படுகையைக் கலக்கிவிடும். இப்போது அந்தக் கலக்கல் இல்லை. ஒரு குழாய் அடைத்தாலும் அதன் மேலுள்ள பகுதி இறந்த மூலையாகி, நீர் வேறு வழியில் ஓடை போட்டுப் போய்விடும். பங்கீட்டுப் பெட்டியில் எல்லாக் குழாய்களின் மட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள். ஒன்றில் மட்டும் மட்டம் உயர்ந்து நின்றால் அது அடைத்திருக்கிறது.

#9 | நீர்த்துளி

கசடுக்கணக்கு ஐயா, வரவுசெலவு புரிந்தது. ஆனால் எத்தனை மணி நேரம் நீர் தங்கினால் 13 டிகிரியில் போதும்? வடிவமைப்பு அட்டவணையில் 8 மணி என்றுதான் இருந்தது.

#10 | கசடுக்கணக்கு

யூ.ஏ.எஸ்.பி.யை 1970களில் நெதர்லாந்தின் வாகெனிங்கனில் லெட்டிங்கா குழு உருவாக்கியது. ஆனால் வீட்டுக் கழிவுநீருக்கு அது பேரளவில் பரவியது வெப்பப் பகுதிகளில்: 1983இல் கொலம்பியாவின் காலி நகரில் 64 கன மீட்டர் சோதனைத் தொட்டி, 1989இல் கான்பூரில் நாளுக்கு 50 லட்சம் லிட்டர் நிலையம். 6 முதல் 9 மணி என்பது அந்த அனுபவத்தின் எண், 20 டிகிரிக்கு மேல் மட்டுமே செல்லும். 16 முதல் 19 டிகிரிக்கே 10 முதல் 14 மணி என்றுதான் லெட்டிங்காவின் வழிகாட்டல்.

மணியிலிருந்து தொடங்குவதே சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. கசடு எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி மணிக்கு வர வேண்டும். சூத்திரம் இது:

நீர் தங்கும் நேரம் = (உள்வரும் சி.ஓ.டி. × அதில் திண்மப் பங்கு ÷ தொட்டியில் கசடின் செறிவு) × பிடிபடும் பங்கு × (1 − கரையும் பங்கு) × கசடு தங்கும் காலம்

உங்கள் எண்களைப் போடுவோம். சி.ஓ.டி. லிட்டருக்கு 0.62 கிராம், திண்மப் பங்கு 0.6. கசடு தொட்டி முழுமைக்கும் சராசரியாக லிட்டருக்கு 15 கிராம் கரிமத் திண்மம், சி.ஓ.டி.யாக 21. பிடிபட வேண்டிய பங்கு 0.75. 15 டிகிரியில் கரையும் பங்கு 0.25 என்றும், மீத்தேனாதல் நிலைக்கக் கசடு 75 நாள் தங்க வேண்டும் என்றும் கொள்வோம்.

0.62 × 0.6 ÷ 21 = 0.0177
0.0177 × 0.75 × 0.75 × 75 = 0.75 நாள், அதாவது 18 மணி.

25 டிகிரிக்குக் கரையும் பங்கு 0.5, கசடு 30 நாள் என்று போட்டால் 5 மணிக்குள் வருகிறது. கொஞ்சம் இடமும் விட்டுத்தான் 8 மணி போட்டிருப்பார்கள். வெயில் காலத்தில் தொட்டி நன்றாக ஓடியதற்கும் இப்போது திணறுவதற்கும் காரணம் ஒன்றே.

திருப்பிப் பாருங்கள்: 8 மணியில் கசடு எத்தனை நாள் தங்கும்? 33 நாள். இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். இப்போதுள்ள கசடு 2.9 × 35.6 × 50 = 5,160 கிலோ. சேர்வது நாளுக்கு 90 கிலோ, நீரோடு போவது 53 கிலோ. 5,160 ÷ 143 = 36 நாள். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருகின்றன. 75 தேவைப்படும் இடத்தில் 35. இந்தத் தொட்டியில் இயக்கத்தை எப்படித் திருத்தினாலும் இது 75 ஆகாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: சூத்திரத்தில் சி.ஓ.டி. மேலே இருக்கிறது. தண்ணீர்ச் செலவு குறைந்த இடங்களில் கழிவுநீர் 1,200ஐத் தொடும். அங்கே 15 டிகிரிக்கு 35 மணி தேவைப்படும். கெட்டியான கழிவுநீர் காற்றில்லா முறைக்கு நல்லது என்ற பொது நம்பிக்கை குளிரில் பொய்த்துப்போகும்.

#11 | இளவேனில்

அப்படியானால் தொட்டியை இரட்டிப்பாக்குவது ஒன்றுதான் வழியா?

#12 | கசடுக்கணக்கு

இல்லை. நீரைச் சூடாக்க முடியாது, கசடைச் சூடாக்கலாம். நீரோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்குதானே! திண்மத்தைப் பிடிப்பதும் செரிப்பதும் வெவ்வேறு தொட்டியில் நடக்கட்டும். 1906இல் கார்ல் இம்ஹாஃப் உருவாக்கிய இரண்டடுக்குத் தொட்டியும் படிதலையும் செரித்தலையும் பிரித்ததுதான். இங்கே நாம் கூடுதலாகச் சூடு சேர்க்கிறோம்.

இந்த நிலையத்துக்கான அளவு: படுகையின் மேற்பாதியிலிருந்து நாளுக்கு 90 கிலோ திண்மம் எடுக்க வேண்டும். அங்கே செறிவு லிட்டருக்கு 36 கிராம் அளவில் இருக்கும் என்று கொண்டால் 2.5 கன மீட்டர். 35 டிகிரியில் 20 நாள் தங்க 50 கன மீட்டர் செரிப்பான்.

வெப்பத் தேவை: 2.5 கன மீட்டரை 13இலிருந்து 35க்கு ஏற்ற 230 மெகாஜூல். நல்ல காப்புள்ள 75 சதுர மீட்டர் சுவர், வெளியே 5 டிகிரி என்றால் இழப்பு 97. மொத்தம் நாளுக்கு 327 மெகாஜூல்.

வரவு: 93 கிலோ சி.ஓ.டி.யில் பாதி செரித்தால் 16 கன மீட்டர் மீத்தேன், 580 மெகாஜூல். கொதிகலன் வழியாக 465. செரிப்பான் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு மிச்சமும் தரும். யூ.ஏ.எஸ்.பி.யில் வரும் 14 கன மீட்டரைத் தொடவே வேண்டாம்.

செரித்த கசடில் ஒரு பகுதியை யூ.ஏ.எஸ்.பி.யின் அடிக்குத் திருப்பி விடுங்கள். அதில் மீத்தேனாக்கிகள் நிறைந்திருக்கும். 13 டிகிரியில் அவற்றின் வேகம் குறைவுதான், ஆனால் எண்ணிக்கையால் ஈடுகட்டும். மீதியை உலர்த்தி வெளியேற்றுங்கள். ஒரேயடியாகத் திருப்பாமல் இரவு வரத்து குறைந்த நேரத்தில் சிறிது சிறிதாக விடுங்கள். சூடான கசடு குளிர்ந்த நீரில் வாயுக் குமிழோடு மேலெழுந்து தப்பிவிடும். அதற்கு முன் ஒரு சிறு தொட்டியில் சில மணி நேரம் ஆறவைத்து வாயுவை விடச் செய்வது நல்லது.

#13 | நுண்ணுயிரி

இதைக் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். படுகையின் மீத்தேனாக்கும் திறனை 30 டிகிரியிலும் 13 டிகிரியிலும் தனித்தனியே அளக்க வேண்டும். ஆய்வகங்கள் வழக்கமாக 30 அல்லது 35இல் மட்டும் அளந்து "கசடு நன்றாக இருக்கிறது" என்று தாள் தருகின்றன. அந்தத் தாள் குளிர்காலத்துக்கு உதவாது.

அரை லிட்டர் குப்பியில் 400 மில்லிலிட்டர் திரவம். அதில் மொத்தம் 2 கிராம் கரிமத் திண்மம் வருமளவு கசடு. சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்) 1 கிராம். பி.எச். 7க்குக் கொண்டுவந்த அசிட்டேட், லிட்டருக்கு 1 கிராம் சி.ஓ.டி. அளவில். மேல்வெளியில் 2 நிமிடம் நைட்ரஜன் ஊதி மூடுங்கள். அசிட்டேட் இல்லாத குப்பி ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும், அதன் வாயுவைக் கழிக்க வேண்டும். வாயுவைக் காரக் கரைசல் வழியாக விட்டுக் கார்பன் டையாக்ஸைடை நீக்கி அளவிடுங்கள். முதல் ஊட்டலின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள், இரண்டாவது ஊட்டலில் வாயு ஏறும் வேகத்தை (வரைபடத்தின் சாய்வை) எடுங்கள்.

13 டிகிரியில் ஒரு கிராம் கரிமத் திண்மத்துக்கு நாளுக்கு 0.02 கிராம் சி.ஓ.டி. என்றால், குப்பியில் வருவது நாளுக்கு 14 மில்லிலிட்டர் மட்டுமே. அளவுக்கண்ணாடிக் குழாயில் இதைப் படிக்க முடியாது, கண்ணாடி ஊசிக்குழல் பயன்படுத்துங்கள். ஒரு சிறு ஒழுக்கு இருந்தாலும் முடிவு பாழ்.

இந்த 0.02ஐ 3,600 கிலோவால் பெருக்கினால் 72 கிலோ. #2இல் வாயுவாக 30, கரைந்தது 42, மொத்தம் 72 என்று வந்ததைப் பாருங்கள். உங்கள் தொட்டியின் மீத்தேனாக்கிகளும் ஏறத்தாழ எல்லையில்தான் ஓடுகின்றன என்று ஐயப்படுகிறேன். அமிலம் 50இலிருந்து 100ஐ நோக்கி ஏறத் தொடங்கினால் அந்த எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

#14 | வாயுவழி

எல்லாரும் கவனிக்க வேண்டிய எண் ஒன்றை அந்தக் கணக்கு சொல்லிவிட்டது: வாயுக்குழாயில் வருவதைவிட அதிக மீத்தேன் நீரில் கரைந்து வெளியே போகிறது. நாளுக்கு 10.5 கிலோ. வெப்பமூட்டும் ஆற்றலில் கார்பன் டையாக்ஸைடைப்போல் 28 மடங்கு என்று எடுத்தால் 290 கிலோவுக்கு மேல். நிலையத்தின் மின் செலவைக் குறைத்துச் சேமித்ததாக எண்ணும் பயன் இதில் கரைந்துவிடுகிறது.

உயிராபத்தும் உண்டு. லிட்டருக்கு 22 மில்லிகிராம் என்றால் ஒரு லிட்டர் நீரில் 30 மில்லிலிட்டர் மீத்தேன். வெளியேறும் நீர் மூடிய மேன்ஹோலில் உயரத்திலிருந்து விழுந்தால், சிதறலில் அது காற்றுக்குள் வரும். புது நீர் ஓயாமல் வந்து விழ, மேல்வெளியில் மீத்தேன் சேர்ந்துகொண்டே போகும். காற்றில் 5 முதல் 15 சதம் வெடிக்கும் வரம்பு. காற்றோட்டம் இல்லாத குழியில் இந்த வரம்பை எட்டுவது எளிது. கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். வெயில் காலத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று குளிர்காலத்தில் மூடியைத் திறந்து இறங்க வேண்டாம். குளிர்ந்த நீர் அதிகம் கரைத்து வைத்திருக்கிறது. வாயு அளவி இல்லாமல், விசிறி ஓடாமல் யாரையும் அருகே விடாதீர்கள்.

தீர்வு: வெளியேறும் குழாயின் வாயை நீருக்குள் மூழ்கடித்து, விழுவதைத் தவிருங்கள். அடுத்த நிலையில் மூடிய சொட்டு வடிகட்டி அல்லது தொங்கும் கடற்பஞ்சு வடிகட்டி வைத்து, கீழிருந்து விசிறியால் காற்று விட்டால், மீத்தேனை ஆக்ஸிஜனேற்றும் நுண்ணுயிர்கள் அதிலேயே வளர்ந்து ஒரு பகுதியை உண்டுவிடும். கிராம் மீத்தேனுக்கு 4 கிராம் ஆக்ஸிஜன் தேவை. அதையும் காற்றின் கணக்கில் சேருங்கள்.

உறையும் குளிர் உள்ள இடங்களுக்கு ஒரு சொல்: அழுத்தத் தடுப்பு நீர்ப்பூட்டு உறைந்தால் வாயு பிரிப்பானைத் தூக்கிவிடும். நீருக்குப் பதில் 40 சத கிளைக்கால் (உறைதடுப்பி) கலவை ஊற்றுங்கள். அதன் அடர்த்தி நீரைவிட 5 சதம் அதிகம், எனவே பூட்டின் உயரத்தை அதே அளவு குறைக்க வேண்டும். குழாயில் வடியும் ஈரம் கலவையை நீர்க்கச் செய்துகொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை அடர்த்திமானி வைத்துப் பாருங்கள்.

#15 | தொட்டிக்காப்பாளர்

> படுகையின் மேற்பாதியிலிருந்து நாளுக்கு 90 கிலோ

இதில் எனக்குத் தயக்கம் உண்டு. நுண்ணுயிரி சொல்வதுபோல் மீத்தேனாக்கிகள் எல்லையில் ஓடினால், கசடை எடுப்பது இருக்கும் திறனையும் குறைக்காதா? குளிருக்குள் நுழையும்போது கசடு முடிந்தவரை அதிகமாக இருக்க வேண்டும் என்பதே பொது வழக்கம்.

#16 | கசடுக்கணக்கு

நல்ல கேள்வி. விடை படுகையின் எந்த மட்டத்திலிருந்து எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. அடியில் இருப்பது பழைய, அடர்ந்த, குருணை கலந்த கசடு. மேலே இருப்பது இந்த மாதம் வந்து படிந்த செரிக்காத பஞ்சு. உயரம் ஒன்றே என்றாலும் திறன் ஒன்றல்ல. நீர்த்துளி, 0.2 மீட்டரிலிருந்து அரை மீட்டர் இடைவெளியில் இருக்கும் மாதிரிக் குழாய்கள் எல்லாவற்றிலும் எடுத்து, மொத்தத் திண்மமும் கரிம விகிதமும் பார்த்துப் போடுங்கள். திறப்பதற்கு முன் குழாயில் தங்கிய பழையதை ஒரு வாளி வெளியே விட்டுவிடுங்கள்.

#17 | நீர்த்துளி

அளந்துவிட்டேன். உயரம், லிட்டருக்குக் கிராம், கரிம விகிதம் என்ற வரிசையில்:

0.2 மீட்டர்: 78, 0.56
0.7 மீட்டர்: 66, 0.61
1.2 மீட்டர்: 54, 0.66
1.7 மீட்டர்: 45, 0.71
2.2 மீட்டர்: 36, 0.74
2.7 மீட்டர்: 24, 0.76
3.2 மீட்டர்: 3

செரிப்பான் கட்ட இந்தக் குளிர்காலத்தில் நேரமில்லை. இப்போதைக்கு எந்த மட்டத்தில், எவ்வளவு எடுப்பது? வெயில் திரும்பும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

#18 | தொட்டிக்காப்பாளர்

இந்த எண்களைப் பார்த்தபின் என் தயக்கம் போய்விட்டது. 0.76 என்பது உள்ளே வரும் திண்மத்தின் விகிதத்தை ஒட்டியே இருக்கிறது. 2.7இல் இருப்பது செரிமானம் தொடாத பொருள். 1.2க்குக் கீழே கை வைக்காதீர்கள்.

#19 | கசடுக்கணக்கு

2.2 மீட்டர் குழாயிலிருந்து நாளுக்கு 2.5 கன மீட்டர் எடுங்கள், 36 × 2.5 = 90 கிலோ. காலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் முன் தொடங்குங்கள். வால்வை முழுதும் திறந்து பத்து நிமிடத்தில் இழுத்தால் படுகையில் புனல் விழுந்து, மேலிருக்கும் தெளிந்த நீர்தான் வரும். வால்வைக் கால்பங்கு திறந்து ஒரு மணி நேரத்துக்குப் பரப்புங்கள். பாதியில் ஒரு ஜாடியில் பிடித்துப் பாருங்கள். நீர்த்துப் போயிருந்தால் நிறுத்தி, மாலையில் மீதியை எடுங்கள். எடுத்த கசடு செரிக்காதது, நாறும், ஈ மொய்க்கும். உலர்த்தும் படுகையில் நேராக விடாமல் மூடிய தொட்டியில் சேமியுங்கள்.

வெயில் திரும்பும் காலத்தை இப்போதே நினைத்ததற்கு மகிழ்ச்சி, பலர் கோட்டை விடுவது அங்கேதான். கசடை எடுக்காமல் 90 நாள் விட்டிருந்தால் 8 டன் சி.ஓ.டி. உள்ளே கிடக்கும். நீர் 18 டிகிரியைத் தாண்டியதும் அது ஒருசேரச் செரிக்கத் தொடங்கி, வாயு படுகையையே தூக்கிக்கொண்டு வரும். டி.எஸ்.எஸ். ஒரே வாரத்தில் பல மடங்காகும், நல்ல கசடும் சேர்ந்து போய்விடும். எனவே நீர் 15 டிகிரிக்கு வரும்போது படுகையின் மேல்மட்டம் 1.8 மீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அந்த வாரங்களில் நாள்தோறும் 2.7 மீட்டர் குழாயைத் திறந்து பாருங்கள். தெளிந்த நீர் வரும் வரை கவலை இல்லை. கசடு வந்தால் அன்றே எடுப்பை 4 கன மீட்டராக்குங்கள். வாயு அளவியின் வடிகட்டியையும் தீத்தடுப்பானையும் அதற்கு முன்பே கழற்றிக் கழுவி வைத்துவிடுங்கள்.